மூன்றாம் குளிசை

அரைகுறையாகப் படித்த ஆளின் கையில் ஒரு பெட்டியைக் கொடுக்கக் கூடாது. புத்தகம் கொடுக்கலாம், சான்றிதழ்கூடக் கொடுக்கலாம். பெட்டி மட்டும் வேண்டாம். பெட்டி கைக்கு வந்த அன்றே அந்த ஆளின் நடை மாறிவிடும், குரல் மாறிவிடும், தேங்காய் திருவச் சொன்னால் காது கேட்காமல் போய்விடும். யாரையும் குத்திக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்த ஆள் நான்தான்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. சண்டைக்குப் பயந்து கொக்கிளாய்க் கடற்கரையை விட்டு வெளிக்கிட்ட எங்கள் குடும்பம், நாலைந்து இடங்களில் கொட்டில் போட்டுப் பிடுங்கி, கடைசியில் உடையார்கட்டில் இன்னும் அறுபது குடும்பங்களோடு வந்து குந்தியிருந்தது. அப்பாவுக்குக் கடல் இல்லை, எனக்குப் பல்கலைக்கழகம் இல்லை. உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியலுக்கு ‘எஸ்’ எடுத்திருந்தேன். (தேறியவர்களில் கடைசி வரிசை அது. ‘சுப்பர்’ என்பதன் முதல் எழுத்து என்று வீட்டில் விளங்கப்படுத்தி வைத்திருந்தேன். அப்பா அதை நம்பி நாலு பேருக்குச் சொல்லியும் இருந்தார்.)

அந்த ‘எஸ்’ஸை நம்பித்தான் ஒரு தொண்டு நிறுவனம் எனக்கு வேலை தந்தது. சுற்றுவட்டாரத்தில் பதினான்கு பொதுக் கிணறுகள். அவற்றுக்குக் குளோரின் தூள் கரைத்து ஊற்ற வேண்டும், பிறகு தண்ணீரைச் சோதித்து, கிணற்றடியில் தொங்கும் கறுப்புத் தகரத்தில் சோக்கட்டியால் முடிவை எழுத வேண்டும். மூன்று நாள் பயிற்சி, ஒரு சைக்கிள், ஒரு நீலப் பெட்டி.

பெட்டிக்குள்ளே ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், நிறம் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அட்டை, வெள்ளித்தாளில் ஒட்டிய குளிசைகள், மாத்திரைகள்தான். குளிசைகள் இரண்டு வகை. ஒன்றில் ‘1’ என்றும் மற்றதில் ‘3’ என்றும் அச்சடித்திருக்கும். முதல் நாளே அம்மா இரண்டையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏன் பிள்ளை, ரெண்டாம் நம்பர் எங்கை?”

எனக்குத் தெரியாது. பயிற்சியில் யாரும் கேட்கவில்லை. “அது எங்களுக்குத் தேவையில்லையம்மா” என்று சொல்லிப் பெட்டியைப் பூட்டினேன். அம்மா விடவில்லை. கொட்டிலுக்கு வந்து போன எல்லோரிடமும், பிள்ளைக்கு ஒரு குளிசை குறைவாகக் கொடுத்துவிட்டார்கள் என்று முறைப்பட்டாள்.

பயிற்சி தந்தவர் நல்லவர். எங்கள் மண்டைக்குள் ஏறட்டும் என்று மிகவும் சுலபமாகத்தான் சொல்லித் தந்தார். தண்ணீரில் முதலாம் குளிசையைப் போடு. ரோஸ் நிறம் வந்தால், கிருமியைக் கொல்லக்கூடிய குளோரின் அதில் விழித்துக்கொண்டு காவல் நிற்கிறது என்று அர்த்தம். அந்த அளவைக் குறித்துக்கொள். பிறகு அதே குழாயில் மூன்றாம் குளிசையைப் போடு. நிறம் இன்னும் கூடினால், அந்தக் கூடின பங்கு ஏற்கெனவே அழுக்கோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போன குளோரின். முக்கியம் முதலாவது, மூன்றாவது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டும். இதைக் கொப்பியில் எழுதிச் சிவப்புப் பேனையால் அடிக்கோடும் போட்டேன். (அந்தக் கொப்பித் தாளில்தான் அம்மா பிறகு கருவாடு சுற்றி அயலுக்குக் கொடுத்தாள். ஒரு பிழையும் இல்லை, அதைத் திறந்து பார்க்கிற ஆள் அந்த வீட்டில் இருக்கவில்லை.)

முதல் வாரம் சொன்னபடிதான் செய்தேன். பிறகுதான் சனம் என்னைக் கெடுத்தது. காலையில் நான் சோதிக்க வரும் நேரம் பார்த்துக் கிணற்றடியில் ஆட்கள் கூடுவார்கள். வானொலிக்கு மின்கலம் இல்லாத காலம், வேறு என்ன பொழுதுபோக்கு? முதலாம் குளிசைக்கு இளம் ரோஸ் நிறம் வரும். அது அவர்களுக்குப் போதாது. “இண்டைக்கு மங்கலாக் கிடக்கு” என்று உதட்டைப் பிதுக்குவார்கள், ஏதோ நான் சமைத்த குழம்பைப் பற்றிச் சொல்வதுபோல. மூன்றாவதைப் போட்டதும் நிறம் ஏறும், முகங்களும் மலரும். ஒரு நாள் இரண்டையும் ஒன்றாகவே போட்டுவிட்டேன். எடுத்த எடுப்பிலேயே நல்ல செழிப்பான நிறம். ஒரு அம்மா கைகூடத் தட்டினா. அதற்குப் பிறகு எந்தக் கிணற்றிலும் நான் குளிசைகளைத் தனித்தனியே போட்டதில்லை. நேரமும் மிச்சம், பேரும் கிடைத்தது.

இந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டில் கலியாணம். என் அக்கா மெற்றில்டா, பக்கத்துக் கிராமத்து மணியத்தை விரும்பியிருந்தா. மணியத்தின் குடும்பம் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுபதுகளில் வன்னிக்கு வந்து, காடு வெட்டி வயலாக்கி, நெல்லும் கச்சான் கடலையும் போட்டுப் பிழைத்தவர்கள். அவர்கள் சைவம், நாங்கள் வேதக்காரர். அவர்கள் வயல், நாங்கள் கடல். இரண்டு பக்கமும் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் சம்மதித்தார்கள். சம்மதித்த பிறகும் கலியாணம் நடந்தபாடில்லை. முதல் தடவை நாள் குறித்தபோது நாங்கள் கொட்டிலைப் பிடுங்க வேண்டி வந்தது. இரண்டாம் தடவை அவர்கள் ஊரைவிட்டு இரண்டு மாதம் வெளியே நிற்க வேண்டி வந்தது.

மணியத்தின் தாய் லெட்சுமியம்மா அதிகம் பேசாத மனுஷி. பேசினால் அது முடிவு. மூன்றாம் தடவை நாள் குறித்த அன்று எங்கள் கொட்டிலில் தேத்தண்ணீரைக் குடித்து முடித்து, குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னா: “இந்த வாட்டியும் தள்ளிப் போச்சுன்னா, சாமிக்கே இஷ்டமில்லன்னு எடுத்துக்குவோம். அப்புறம் யாரும் யாரையும் கோவிச்சுக்கப்படாது.”

அக்கா அன்று இரவு சாப்பிடவில்லை. நான்தான் ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. பெட்டி வைத்திருக்கும் ஆளின் ஆறுதலாக இருந்திருக்கும்.

கலியாணத்துக்கு மூன்று வாரம் இருக்க, அயலில் வயிற்றோட்டம் தொடங்கியது. சுகாதாரப் பரிசோதகர் ஐயா ஊர் ஊராக வந்து ஒரு கட்டளை போட்டார். கோயில் திருவிழா, கலியாணம், செத்தவீட்டு அந்தியேட்டி எதுவானாலும், கிணற்றில் குளோரின் காட்டாவிட்டால் அந்தத் தண்ணீரில் பொதுச் சமையல் கிடையாது. எங்கள் வீட்டில் யாரும் பதறவில்லை. அவர்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் பெட்டியைத் தட்டிக் காட்டினேன். இன்று நினைத்தாலும் அந்தத் தட்டலுக்காக என் கையில் இரண்டு போடலாம் போலிருக்கிறது.

அடுத்த கிழமை குளோரின் தூள் முடிந்தது. வன்னிக்குள் சாமான் வரத் தடை இருந்த காலம், புதிதாக வருவதென்றால் அனுமதி வேண்டும், அனுமதி வருவதென்றால் பெரியவர்கள் மனம் வைக்க வேண்டும். மண்ணெண்ணெய்க்கே அந்தப் பாடு என்றால் குளோரினைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? இருந்த கடைசித் தூளைச் சுரண்டிக் கரைத்து ஊற்றிவிட்டு, மறுநாள் சோதித்துப் பார்த்தால் குழாயில் நிறம் ஏறாமல் வெறும் தண்ணீராகவே நின்றது. பெட்டியை மூடிவிட்டு, கலியாணத்துக்கு எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினேன்.

அப்போதுதான் பங்குச் சுவாமி ஆள் அனுப்பினார். வெளிநாட்டிலிருந்து ஒரு புண்ணியவான் தேவாலயத்துக்குப் பெட்டி அனுப்பியிருக்கிறாராம். பழைய உடுப்பு, பாடசாலைக் கொப்பி, அதோடு பத்துப் பதினைந்து கிலோ வெள்ளைத் தூள். அந்த மனிதர் நீச்சல் தடாகங்களுக்குச் சாமான் விற்கும் கடைக்காரர். சோதனைச் சாவடியில் வாளிகளைத் திறந்து, தூளைப் பொலித்தீன் பைகளில் கொட்டிக் கிண்டிப் பார்த்து, ‘சலவைத் தூள்’ என்று எழுதி விட்டிருந்தார்கள். வாளியும் வரவில்லை, வாளியில் ஒட்டியிருந்த விபரமும் வரவில்லை. உடுப்புகளுக்கு நடுவே ஒரு துண்டுத் தாள் மட்டும் இருந்தது: தூள் நீச்சல் தடாகத்துத் தண்ணீருக்கானது, விபரம் கடிதத்தில் வரும்.

“கடிதம் வரட்டும் பிள்ளை” என்றார் சுவாமி.

கடிதம் எப்போது வரும்? கப்பல் ஏறி, கொழும்பு இறங்கி, வவுனியாவில் தவம் கிடந்து வர வேண்டும். கலியாணத்துக்கு ஒரு கிழமைதான் இருந்தது. நீச்சல் தடாகத்தில் போடுவது குளோரின் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. (தடாகத்தை நான் கண்ணால் கண்டதில்லை. நாங்கள் குளித்தது கடலிலும் வாய்க்காலிலும்.) இருந்தாலும் விஞ்ஞானம் படித்தவள் இல்லையா, சும்மா நம்பிவிடுவேனா? “நான் சோதிச்சுப் பாக்கிறன் சுவாமி” என்றேன்.

சோதித்தேன். ஒரு வாளித் தண்ணீரில் தூளைக் கரைத்து, குழாயில் எடுத்து, வழக்கம்போல இரண்டு குளிசையையும் சேர்த்துப் போட்டேன். அப்படி ஒரு நிறத்தை நான் அதுவரை கண்டதில்லை. பீற்றூட் அவித்த தண்ணீர் தோற்றுப்போகும். சுவாமியே சிலுவை போட்டுக்கொண்டார்.

அன்று பின்னேரமே எங்கள் கிணற்றில் தூளைக் கரைத்து ஊற்றினேன். மற்றக் கிணறுகளுக்குக் கொடுக்கவில்லை. (அக்காவின் கலியாணம் முடியட்டும், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்ற சுயநலம். அந்தச் சுயநலம்தான் மற்றப் பதின்மூன்று கிணறுகளையும் காப்பாற்றியது. அங்கே நான், மருந்து இல்லை, கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று மட்டும் எழுதிவிட்டு வந்தேன்.) எங்கள் கிணற்றடித் தகரத்திலோ ‘குளோரின்: மிக நன்று’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

சனத்துக்குப் பெரிய சந்தோஷம். பழைய தூள் போட்டால் தண்ணீரில் ஆஸ்பத்திரி மணம் அடிக்கும், தேத்தண்ணீர் கெட்டுப்போகும் என்று முகம் சுழிப்பார்கள். இதில் மணமும் இல்லை, ருசியும் மாறவில்லை, நிறமோ அந்த மாதிரி. வெளிநாட்டு மருந்து என்று கேள்விப்பட்டு அடுத்த குடியிருப்பிலிருந்தும் குடத்தோடு வந்தார்கள். கொதிக்க வைத்துக் குடித்துக்கொண்டிருந்த இரண்டு மூன்று வீடுகளும் என்னை நம்பி அடுப்பை அணைத்தன.

ஒரே ஒருவருக்குத்தான் சந்தேகம் வந்தது. கலியாணச் சமையல் பற்றிப் பேச வந்த லெட்சுமியம்மா கிணற்றடியில் நின்று, கையில் தண்ணீரை ஏந்தி, முகர்ந்து பார்த்தா. இன்னொரு தடவையும் முகர்ந்தா.

“என்னா புள்ள, ஒரு மணமும் இல்ல? பழைய மருந்து மூக்க அடைக்குமே.”

“இது வெளிநாட்டுச் சாமான் அம்மா. அங்கை மணம் இல்லாமத்தான் செய்வினம்” என்றேன். அத்தோடு விட்டேனா? குளோரின் அணுவைப் பற்றி ஐந்து நிமிடம் விளக்கம் வேறு கொடுத்தேன். அவ பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தண்ணீரைக் கீழே ஊற்றினா. குடிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், கவனித்து மனதுக்குள் சிரித்தேன்.

கலியாணத்துக்கு முதல் நாள் காலை. பந்தல் போட்டு முடிந்தது. பூநகரியிலிருந்து மணியத்தின் சொந்தக்காரர் இருபது பேர் முந்திய நாளே சைக்கிளில் வெளிக்கிட்டிருந்தார்கள், இனி யாரையும் திருப்பி அனுப்ப வழியில்லை. அண்டா, கிடாரம் எல்லாம் கிணற்றடியில் கழுவக் கிடந்தன. அந்த நேரம் பார்த்து மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிள் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது. சுகாதாரப் பரிசோதகர் ஐயா.

நான் ஓடிப்போய் வரவேற்றேன். தகரத்தை வாசித்துவிட்டு, தானும் ஒருக்கால் பார்க்கிறேன் என்றார். தாராளமாகப் பாருங்கோ என்றேன். என் பெட்டியைத்தான் வாங்கினார். குழாயில் தண்ணீர் எடுத்தார். முதலாம் குளிசையை மட்டும் போட்டார். மூடி, குலுக்கி, வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

குழாயில் ஒன்றும் இல்லை. தண்ணீர் தண்ணீராக நின்றது.

கூடியிருந்த சனம் என்னைப் பார்த்தது. நான் கொஞ்சமும் கலங்கவில்லை. “மற்றதையும் போடுங்கோ ஐயா, அப்பதான் வரும்” என்றேன், ஏதோ அவருக்குத் தொழில் பழக்குவதுபோல. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூன்றாம் குளிசையைப் போட்டார். கண் இமைக்கும் நேரத்தில் குழாய் ரோஸாகியது. சனம் மூச்சு விட்டது. அப்பா மீசையைத் தடவினார். ஐயாவின் முகத்தில் மட்டும் ஒரு மலர்ச்சியும் இல்லை.

“எத்தினை நாளா இந்தத் தண்ணியைக் குடிக்கினம், தங்கச்சி?”

“ஆறு நாள்.”

தூளைக் கொண்டு வரச் சொன்னார். மணந்து பார்த்தார். பிறகு தன்னுடைய போத்தலில் இருந்த ஆறின சுடுநீரில் ஒரு சிட்டிகை கரைத்து, புதிதாகக் குழாயில் எடுத்து, எல்லோரும் பார்க்க முதலாவதைப் போட்டார். நிறமில்லை. மூன்றாவதைப் போட்டார். அதே ரோஸ் நிறம்.

“இந்தத் தூள் என்ன எண்டு எனக்குத் தெரியாது. குளோரின் எண்டால் முதல் குளிசையிலேயே காட்டியிருக்கும். இது மூண்டாம் குளிசையைத்தான் ஏமாத்துது. கிருமியைக் கொல்ல இதுக்குள்ளை குளோரின் இல்லை, இருக்கிற மாதிரி நிறம் மட்டும் வருது” என்றார்.

ஐயா குழாயைக் கவிழ்த்து ஊற்றினார். கூட்டத்துக்குள் இருந்து அம்மாவின் குரல் கேட்டது: “நான் அப்பவே கேட்டனான், ரெண்டாம் நம்பர் எங்கை எண்டு.”

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையும் இல்லை. ஐயா வீடு வீடாகப் போனார், நான் பின்னால் போனேன். ஒவ்வொரு வேலிப் படலையிலும் பிள்ளைகளுக்கு வயிறு எப்படி என்று அவர் கேட்டார். மூன்று பிள்ளைகளுக்கு இரண்டு நாளாக வயிற்றால் போகிறதாம். உப்பும் சீனியும் சேர்த்துக் கரைசல் கலக்கிக் கொடுத்தார். மூன்று பேரும் அடுத்த கிழமை மண்ணில் புரண்டு விளையாடினார்கள். அவர்களில் ஒரு பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தால் இந்தக் கதையை நான் வாழ்நாளில் வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டேன். பயம் என்றால் என்னவென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை இடம்பெயர்ந்தபோது வந்த பயங்களெல்லாம் மற்றவர்கள் செய்ததற்கு நான் பயந்தவை. இது நானே செய்தது.

திரும்பிக் கிணற்றடிக்கு வந்தபோது இரண்டு வீட்டாரும் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். ஐயா தீர்ப்புச் சொன்னார். என்ன தூள் என்று தெரியாதபடியால் இந்தக் கிணற்றை முழுக்க இறைக்க வேண்டும். நாளைக்கு இதில் சமைக்கவோ குடிக்கவோ முடியாது. குளோரின் எப்போது வரும் என்று தனக்கும் தெரியாது. வேண்டுமென்றால் கலியாணத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

தள்ளி வையுங்கள். அந்தச் சொல் விழுந்ததும் அக்கா என்னைப் பார்க்கவில்லை, லெட்சுமியம்மாவைப் பார்த்தா. எல்லோருமே லெட்சுமியம்மாவைத்தான் பார்த்தோம். மூன்றாம் தடவை. மணியத்தின் சித்தப்பா ஒருவர், தான் முன்பே சொன்னதாகத் தொடங்கினார். லெட்சுமியம்மா கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, ஐயாவின் முன்னால் போய் நின்றா.

“ஐயா, எங்க வயல் கெணத்துல மருந்து இல்ல, தூளும் இல்ல. அந்தத் தண்ணிய நல்லா கொதிக்க வச்சா போதுமா, போதாதா?”

“கொதிச்சால் போதும் அம்மா. ஆனா இருநூறு பேருக்கு எப்பிடிக் கொதிக்க வைப்பியள்?”

“நெல்லு அவிக்கிற பீப்பா மூணு இருக்கு. தேயிலைத் தோட்டத்துல பொறந்தவளுக்கு தண்ணி கொதிக்க வைக்கத் தெரியாதா?” என்றா. பிறகு திரும்பிச் சனத்தைப் பார்த்து, ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டா.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். அப்பாவும் எங்கள் பக்கத்து மீனவர்களும் கிணற்றை இறைக்க இறங்கினார்கள். தோணிக்குள் வந்த தண்ணீரை இறைத்துப் பழகிய கைகள், மத்தியானத்துக்குள் அடி மண் தெரிந்தது. மணியத்தின் ஆட்கள் மாட்டுவண்டியில் பீப்பாக்களில் தண்ணீர் கொண்டுவந்து இறக்கினார்கள். எங்கள் பெண்கள் விறகு பொறுக்கினார்கள், அவர்கள் பெண்கள் அடுப்பு வெட்டினார்கள். நிச்சயம் செய்த நாளிலிருந்து ஒருவருக்கொருவர் சரியாக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு குடும்பமும், எந்தப் பீப்பா முதலில் கொதிக்கும் என்று போட்டி போட்டுக் கத்திக்கொண்டிருந்தன. அந்த ஒற்றுமைக்கு ஒரு பலமான காரணமும் இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் திட்டுவதற்குப் பொதுவாக ஒரு ஆள் கிடைத்திருந்தேன்.

எனக்குக் கிடைத்த வேலை மூன்றாம் பீப்பாவின் அடுப்பு. (வேண்டுமென்றே மூன்றாவதைத் தந்தார்கள் என்று இன்றும் சந்தேகிக்கிறேன்.) புகை கண்ணுக்குள் போனது. அழுவதற்கு அது வசதியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் யாரோ பக்கத்தில் வந்து குந்தினார்கள். பார்த்தால் அக்கா. நாளைக்குக் கலியாணப் பெண், சட்டை முழுக்கச் சாம்பல்.

“அக்கா, என்னாலைதானே…” என்று தொடங்கினேன்.

“அழாதை. அடுப்பு நூந்திடும்” என்று சொல்லி ஒரு கொள்ளியை உள்ளே தள்ளினா.

மறுநாள் காலை தேவாலயத்தில் தாலி ஏறியது. பந்தி தொடங்கியபோது கொதித்த தண்ணீர் முழுதாக ஆறியிருக்கவில்லை. பூநகரியிலிருந்து வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவர்கள் தண்ணீர் கேட்டார்கள். ஆவி பறக்கும் குவளைகளை நீட்டினோம். இருநூறு பேரும் வரிசையாக இருந்து தண்ணீரை ஊதி ஊதிக் குடித்த கலியாணம் வன்னியில் அது ஒன்றாகத்தான் இருக்கும். ‘சுடுதண்ணிக் கலியாணம்’ என்ற பேர் பின்னேரத்துக்குள் நிலைத்துவிட்டது. சுகாதாரப் பரிசோதகர் ஐயாவும் வந்து சாப்பிட்டு, இரண்டு குவளை குடித்து, வேர்த்து வழிந்து, வாழ்த்திவிட்டுப் போனார். ஒருவருக்கும் வயிற்றில் ஒரு நோவும் வரவில்லை.

பீப்பாக்கள் திரும்பிப் போகவில்லை. அடுத்த அறுவடைக்குத்தானே வேண்டும் என்று லெட்சுமியம்மா கிணற்றடியிலேயே விட்டுவிட்டா. குளோரின் வந்து சேரும்வரை முழுக் குடியிருப்பும் அதில்தான் முறைபோட்டுத் தண்ணீர் கொதிக்க வைத்தது. அந்த மூன்று பிள்ளைகளுக்குப் பிறகு வயிற்றோட்டம் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காமலே போனது. ஐயா மற்ற ஊர்களிலும் போய், நெல் அவிக்கிற பீப்பாவைத் தேடச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு கிழமை கழித்து அந்தக் கடிதம் ஆற அமர வந்து சேர்ந்தது. சுவாமி அதை ஞாயிறு பூசை முடிய, அறிவித்தல்களோடு சேர்த்து வாசித்தார். (தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சுவாமிக்கும் ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா?) தடாகத்தில் ஆட்கள் குளித்த பிறகு வேர்வை, எண்ணெய் போன்ற அழுக்குகளை எரிப்பதற்குப் போடுகிற தூளாம் அது. அதில் குளோரின் துளியும் கிடையாதாம். குளோரின் போட்ட தடாகத்தில் மேலதிகமாகச் சேர்ப்பதாம். கடைசியில் அந்தப் புண்ணியவான் ஒரு எச்சரிக்கையும் எழுதியிருந்தார்: சோதிக்கும்போது மூன்றாம் குளிசை இந்தத் தூளையும் குளோரின் கணக்கில் சேர்த்துக் காட்டிவிடும், ஆகையால் முதலாம் குளிசையையே நம்பவும். தேவாலயமே திரும்பி என்னைப் பார்த்தது. நான் முக்காட்டை இழுத்து முகத்தை மூடினேன்.

வேலை போகுமென்று பெட்டியைத் துடைத்துக் கொடுக்கத் தயாராக இருந்தேன். ஐயா வாங்கவில்லை. ஒரு தரம் பிழை விட்டவள் இனிமேல் கவனமாயிருப்பாள் என்று நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி. அடுத்த நாளிலிருந்து எத்தனை பேர் உதட்டைப் பிதுக்கினாலும் முதலாவதைப் போட்டு, பார்த்து, எழுதிய பிறகுதான் மூன்றாவதைத் தொட்டேன். இன்றைக்கும் தண்ணீர் சோதிப்பதுதான் என் தொழில். இப்போது பெட்டி இல்லை, ஒரு முழு அறையே இருக்கிறது.

ஆனால் வீட்டில் யார் தருகிறார்கள் இந்த மரியாதையெல்லாம்? எங்கள் குடும்பத்தில் யாராவது ஒரு நல்ல செய்தி சொன்னால் முதல் கேள்வி, “எந்தக் குளிசையிலை பாத்தது?” என்பதுதான். மாப்பிள்ளை நல்ல பிள்ளையாம் என்றால் அதே கேள்வி. பரீட்சை சுகமாக எழுதினேன் என்றால் அதே கேள்வி. லெட்சுமியம்மா கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். அவ என் கையைப் பிடித்துக்கொண்டு, “மூணாவதுலயா புள்ள?” என்று கேட்டுச் சிரித்தா.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மணியம் அத்தான் புதிதாகக் கிணறு வெட்டியிருக்கிறார். அக்காவின் மகள் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படிக்கிறாள். (அவள் எடுத்தது ‘எஸ்’ இல்லை.) கிணற்றுக்குக் குளோரின் போட்டிருப்பதாகச் சொல்லி, என்னைக் குந்த வைத்து, என் கண் முன்னாலேயே சோதித்தாள். முதலாம் குளிசையைப் போட்டாள், குலுக்கினாள், வெளிச்சத்துக்குப் பிடித்தாள். நிறமே வரவில்லை.

“சித்தி, ஒண்டும் காட்டேல்லை. போட்டது காணாது போலை” என்றாள்.

நான் குழாயை எட்டிப் பார்த்தேன். குசினிக்குள் இருந்து அக்காவின் குரல் வந்தது.

“நான் தண்ணி கொதிக்க வைக்கிறன். நீ மூண்டாவதையும் போட்டுக் காட்டு பிள்ளை. பாவம், அவா அவ்வளவு தூரத்திலை இருந்து வந்திருக்கிறா.”